ஒரே உபதலைப்பு பன்னிரண்டு இடத்தில் இருந்தால் லிங்க் எங்கே போகும்? கேள்வி பதில்

கொழும்பில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். என் சொற்பட்டியல், வாடிக்கையாளர் குறிப்பு, வீட்டுக் கணக்கு எல்லாமே வெறும் டெக்ஸ்ட் ஃபைலில்தான் இருக்கின்றன. தலைப்புக்குள் தலைப்பு வைத்து, அதற்கு நேராக லிங்க் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றின் கணக்கு எழுதுகிறேன், ஒப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருளைத்தான் பாவிக்கிறேன். ஒவ்வொரு மாதத்துக்குக் கீழும் வரவு, செலவு, கடன் என்று உபதலைப்பு இருக்கு. ஜூன் செலவுக்கு லிங்க் போட்டால் ஜனவரி செலவுதான் திறக்குது.

தம்பி, நீங்கள் [[கணக்கு#செலவு]] என்று எழுதியிருப்பீர்கள். அதற்கு ஃபைலில் முதலில் கண்ணில் படுகிற செலவு ஜனவரியுடையதுதானே. [[கணக்கு#ஜூன்#செலவு]] என்று தாய்த் தலைப்பையும் சேர்த்து எழுதுங்கள், சரியாகப் போகும். ஒரே ஃபைலில் இரண்டு வருடம் இருந்தால் வருடத்தையும் முன்னால் சேருங்கள். வீட்டு விலாசம் மாதிரித்தான், வெறும் 12ஆம் இலக்கம் என்றால் தபால்காரர் எந்த ஒழுங்கையில் தேடுவார்?

கிட்ஹப் என்ற ஃபைல் பகிரும் இணையதளத்தில் மார்க்டவுன் ஃபைல் (சில குறிகளால் தலைப்பு, பட்டியல் காட்டுகிற வெறும் டெக்ஸ்ட்) வைத்திருக்கிறோம். அங்கேயும் இப்படி எழுதலாமா?

முடியாது. அங்கே தாய்த் தலைப்பு கணக்கில் வராது. தலைப்பில் உள்ள இடைவெளிகள் சிறு கோடாக மாறும், நிறுத்தக்குறிகள் போய்விடும், அதே தலைப்பு மறுபடி வந்தால் பின்னால் -1, -2 என்று எண் சேரும். உண்மையான ஆபத்து அந்த எண்ணில்தான் இருக்கிறது. நடுவில் யாராவது இன்னொரு ‘செலவு’ சேர்த்தால் கீழே உள்ளவை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். லிங்க் உடைந்தால் உடனே தெரியும், ஆனால் இது உடையாது, வேறு மாதத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். ஒருவருக்கும் தெரியாது. அதனால் அங்கே தலைப்பையே ‘ஜூன் செலவு’ என்று வேறுபடுத்தி எழுதுங்கள், இல்லாவிட்டால் தலைப்புக்கு மேல் எச்டிஎம்எல் ஆங்கர் டேக் (லிங்க் வந்து சேர வேண்டிய இடத்தைக் காட்டுகிற குறி) ஒன்றை நீங்களே பெயர் கொடுத்துப் போடுங்கள்.

தலைப்பை மாற்றினேன், பழைய லிங்க் எல்லாம் போச்சு.

ஒப்சிடியனில் நேரடியாக அழித்து எழுதாமல், தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து பெயர் மாற்றும் தெரிவைப் பாவித்தால் லிங்குகளும் சேர்ந்து மாறும். ஆனால் ஃபைலை வேறு எடிட்டரில் திறந்து மாற்றினால் அந்த உதவி கிடைக்காது.

ஈமாக்ஸ் எடிட்டரில் ஓர்க்-மோட் என்ற குறிப்பெழுதும் வசதியைப் பாவிக்கிற யாராவது இருக்கிறீங்களா? நட்சத்திரக்குறி லிங்க் எனக்கும் முதல் தலைப்புக்குத்தான் போகுது.

நானே பாவிக்கிறேன். நட்சத்திரக்குறியோடு தலைப்பின் பெயரை எழுதினால் அது வெறும் தேடல்தான், முதலில் கிடைப்பதோடு நின்றுவிடும். அதற்கு இரண்டு வழி இருக்கு. தலைப்புக்குக் கீழே ப்ரொப்பர்டீஸ் பகுதியில் கஸ்டம்-ஐடி என்று நீங்களே ஒரு சின்னப் பெயர் வைக்கலாம், அதை அந்த ஃபைலுக்குள் இரண்டாவது இடத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. மற்றது, ஓர்க்-மோடே உண்டாக்கித் தருகிற நீளமான ஐடி, அதாவது அடையாளப் பெயர். தலைப்பை அப்படியே வெட்டி வேறு ஃபைலில் ஒட்டினாலும் அது கூடவே போகும், லிங்க் தொடர்ந்து வேலை செய்யும். நான் நாளாந்தக் குறிப்புக்கு முதலாவதையும், பல வருடம் வைத்திருக்க வேண்டியதற்கு இரண்டாவதையும் பாவிக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஆசிரியையாக இருக்கிறேன். கோயில்கள் பற்றிய குறிப்பில் ‘ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர்’ என்று தலைப்பு. லிங்கிலும் அதே எழுத்துதான், ஒன்றொன்றாகச் சரிபார்த்துவிட்டேன், திறக்கவே இல்லை.

மிஸ், உங்கள் கண்ணில் பிழையில்லை. அந்தத் தலைப்பில் இரண்டு பொறி இருக்கிறது. முதலாவது ‘ஸ்ரீ’. அதை ஸ போட்டும் எழுதலாம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோட் தரத்தின் 4.1ஆம் பதிப்பில் 2005இல் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும், கணினிக்கோ அவை வேறு வேறு எழுத்து. இரண்டாவது ‘பொ’. அதன் துணையெழுத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். ‘பொ’ சிக்கலை யூனிகோட் இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு சேமிப்பு முறைகளை ஒன்றாக்குவது) செய்கிற மென்பொருள் தானே சரிசெய்துவிடும், ‘ஸ்ரீ’ சிக்கலை அதுவும் சரிசெய்யாது. ஆகவே லிங்கில் தலைப்பைக் கையால் தட்டாதீர்கள். ஒப்சிடியன் என்றால் # போட்டதும் வருகிற பட்டியலில் இருந்து தெரிவுசெய்யுங்கள், அல்லது பிரதி எடுத்து ஒட்டுங்கள்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிற எல்லோருக்கும் இது வரும். சில கருவிகள் தலைப்பில் இருந்து லிங்க் செய்யும்போது ‘எழுத்து’ என்ற வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கும். யூனிகோட்டில் நம்முடைய புள்ளியும் துணையெழுத்துகளும் அந்த வகையில் இல்லை, ‘குறி’ என்ற வேறு வகையில் இருக்கின்றன. அப்போது ‘கொழும்பு’ என்பது ‘கழமப’ ஆகிவிடும். அந்தக் கருவிகளை எழுதுகிறவர்கள் தமிழில் ஒரு தலைப்பையாவது போட்டுப் பார்த்திருந்தால் இப்படி நடக்காது, எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும். அப்புறம், லிங்கை மின்னஞ்சலில் ஒட்டும்போது ‘கொழும்பு’ என்ற ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 72 எழுத்துக்கு நீளும். நடுவில் வரி உடைந்தால் லிங்கும் போகும்.

அப்படியானால் ஐடியைத் தமிழில் வைக்காமல் விடுவதா?

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஐடியை மட்டும் ரோமன் எழுத்திலும் எண்ணிலும் சின்னதாக வையுங்கள். ஒப்சிடியனில் பந்தியின் முடிவில் ^ போட்டு வைக்கிற அடையாளத்துக்கு இவற்றையும் சிறு கோட்டையும் தவிர வேறு எதற்கும் அனுமதியில்லை. பாண்டொக் என்ற ஃபைல் மாற்றும் மென்பொருளைப் பாவிப்பவர்கள் தலைப்பு வரியின் கடைசியில் நெளிவு அடைப்புக்குள் # போட்டு ஐடியைக் கொடுக்கலாம்.

வரி இலக்கத்துக்கு லிங்க் போட்டால் சுகம்தானே?

இன்றைக்குச் சுகம். நாளைக்கு மேலே இரண்டு வரி சேர்த்தால் பிழையாகிவிடும்.

எத்தனை படி உள்ளே போகலாம்?

மார்க்டவுனில் ஆறு வரை. நான் மூன்றோடு நிறுத்துவேன், நான்காவது தேவைப்பட்டால் அந்தப் பகுதியைத் தனி ஃபைலாக எடுத்து, பழைய இடத்தில் அதற்கு ஒரு லிங்க் வைத்துவிடுவேன்.