மகள் வரலாறு படிக்கட்டும்; வரலாறு மட்டும் வேண்டாம்

வணக்கம் அம்மா. எஸ்.சி. (பள்ளிச் சான்றிதழ்) தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், டச்சுக் கம்பெனி, பிரெஞ்சுக் கம்பெனி என்று பழைய கடல் வணிகத்தைப் படிக்கப்போகிறேன் என்கிறாள். அவள் அப்பா அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்கிறார். சோறு போடுமா இந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் எதோடு சேர்த்துப் படிக்கிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரலாற்றுப் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இங்கே மொரீஷியஸில், போர்ட் லூயியில் வேலை தேடுவது கஷ்டம். அப்பா சொல்வதிலும் பாதி சரி; அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். அவள் ஆசைப்படுவது 1600க்கும் 1800க்கும் இடைப்பட்ட காலம். அடுத்து அவள் எழுதப்போகும் எச்.எஸ்.சி. (உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) வரலாற்றுத் தாள்களோ பெரும்பாலும் 1750க்குப் பின் தொடங்குபவை: ஐரோப்பியப் புரட்சிகள், அமெரிக்க உள்நாட்டுப் போர், உலகப் போர்கள். கம்பெனிக் கப்பல்களை எதிர்பார்த்துப் போகும் பிள்ளை ஏமாந்துபோகும். ஆகவே அவள் பள்ளியில் எச்.எஸ்.சி.க்கு வரலாறு இல்லையென்றால் அதற்காகப் பள்ளியை மாற்றாதீர்கள். இருந்தால் எடுக்கட்டும், ஆதாரத்தை எடைபோட்டு எழுதும் பழக்கம் வரும், அதுவே போதும்.

முதன்மைப் பாடங்கள் மூன்றுக்கு என் யோசனை: பிரெஞ்சு, பொருளாதாரம், மூன்றாவதாக வரலாறு அல்லது தமிழ். துணைப் பாடமாகக் கணக்கு.

பிரெஞ்சு எதற்கு, வீட்டில் பேசுகிறோமே என்பீர்கள். பேசுவது போதாது. 18ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் இன்று 'ஏ-ஐ' எழுதும் இடத்தில் 'ஓ-ஐ' இருக்கும், 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரியும், நோட்டரியின் சட்ட வாசகம் முற்றுப்புள்ளியே இல்லாமல் அரைப் பக்கம் ஓடும். முதன்மைப் பாடமாகப் படித்தவர்களே திணறுகிறார்கள்.

இப்போது அப்பாவின் பக்கம். இந்தத் துறையின் அடிவயிறே கணக்குதான். டச்சுக்காரர்களுக்கு வேண்டியது இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகளில் விளைந்த கிராம்பும் ஜாதிக்காயும். அங்கே விளைவிப்பவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணியையே விரும்பி வாங்கினார்கள். அதனால்தான் 1602இல் தொடங்கிய கம்பெனி 1610இலேயே பழவேற்காட்டில் வந்து உட்கார்ந்தது. துணி வாங்க வெள்ளியும் பொன்னும் வேண்டும். ஜப்பானிலிருந்து வெள்ளி கிடைத்தது. 1545இல் கண்டுபிடிக்கப்பட்ட தென் அமெரிக்காவின் பொட்டோசி மலை வெள்ளி, ஐரோப்பா வழியாகவும் 1571இல் ஸ்பானியர் கைக்கு வந்த மணிலா வழியாகவும் ஆசியாவுக்குள் இறங்கியது. ஒரு கப்பலின் லாபம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் நான்கு துறைமுகங்களின் விலைப்பட்டியலை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். உண்டியலும் (வணிகர்களின் பணமாற்றுச் சீட்டு) வட்டியும் நாணய மாற்றும் புரியாதவர் இதில் கதை சொல்லலாம், ஆய்வு செய்ய முடியாது. அக்கவுண்ட்ஸ் எடுத்தாலும் தப்பில்லை. இரட்டைப் பதிவுக் கணக்கு தெரிந்த வரலாற்று மாணவர் அபூர்வம்.

தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குடும்பங்கள் கோயிலுக்கும் தைப்பூசக் காவடிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு தொழில் கணக்கில் சேர்க்காமல் விடும் மொழி அது. புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார், தமிழில். 1746இல் நம் தீவின் கவர்னர் லா பூர்தொன்னே இங்கிருந்து கப்பல் திரட்டிப்போய்ச் சென்னைப்பட்டினத்தைப் பிடித்ததும், அதன்பின் அவருக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் மூண்ட சண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவர் கண்ணில் அதில் இருக்கின்றன. பாரிஸ் மாணவர் அதை மொழிபெயர்ப்பில் படிப்பார். உங்கள் மகள் மூலத்தில் படிக்கலாம். ஆனால் பாடநூல் தமிழ் அல்ல அது. பேச்சு நடையும் பாரசீக, போர்த்துக்கீசியச் சொற்களும் கலந்து வரும். துபாஷி என்றால் இரண்டு மொழிக்காரன். கம்பெனிகள் பணம் கொடுத்தது அந்த இரண்டாவது மொழிக்குத்தான். இன்றும் சந்தை மாறவில்லை.

நான்காவது மொழி டச்சு. இதற்குப் பள்ளியில் இடமில்லை. பட்டப்படிப்பின் முதல் ஆண்டில் தொடங்கினால் சரியாக இருக்கும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒழுங்காக உழைத்தால் ஒன்றரை, இரண்டு ஆண்டில் அச்சு டச்சு படிக்கலாம். கையெழுத்துக்கு மேலும் ஓராண்டு. ஹேக், ஜகார்த்தா, கேப் டவுன், சென்னை எழும்பூர், கொழும்பு என்று சிதறிக் கிடக்கும் அந்தக் கம்பெனியின் காகிதங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஹேக் தொகுப்பிலிருந்து பல லட்சம் பக்கங்கள் இப்போது இணையத்தில் இலவசம். கணினி படித்தெழுதிய பிரதியும் உண்டு. கணினியே படித்துவிட்டால் மனிதர் எதற்கு என்று மகள் கேட்கலாம். ஆட்பெயரிலும் ஊர்ப்பெயரிலும் அது அடிக்கடி தடுக்கி விழுகிறது. அந்த இடத்தில் தமிழ் தெரிந்த கண் வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மகளிடம் படித்துக் காட்டுங்கள். ஊர்ப்பெயர் முதல் பள்ளம்: போர்த்தோ நோவோ என்பது பரங்கிப்பேட்டை, பலியகாட்டா என்பது பழவேற்காடு, சத்ராஸ் என்பது சதுரங்கப்பட்டினம். அடுத்தது 'மலபார்' என்ற சொல். பிரெஞ்சுப் பதிவேட்டில் 'மலபார் மொழி' என்றிருந்தால் பெரும்பாலும் தமிழ். போர்ட் லூயியின் பழைய 'மலபார் முகாம்' என்ற பேட்டைப் பெயரைப் பார்த்துக் கேரளத்தைத் தேடிப்போனால் ஆய்வே திசைமாறிவிடும். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இன்றும் மல்பார் என்றால் பெரும்பாலும் தமிழ் வம்சாவளியினர்தான்.

பணமும் அப்படியே. ஒரு பிரெஞ்சு லீவ்ருக்கு 20 சோல், 240 தெனியே. ஒரு டச்சுக் கில்டருக்கு 20 ஸ்டைவர், ஒரு ஸ்டைவருக்கு 16 பென்னிங். சென்னையின் பிற்காலக் கணக்கில் நட்சத்திர வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு; புதுச்சேரியில் விகிதமே வேறு. துணியைக் கோர்ஜில் எண்ணுவார்கள், ஒரு கோர்ஜ் 20 துண்டு. பாரம், கண்டி என்ற எடைகள் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். அதைக் கவனிக்காமல் கூட்டிப்போட்ட அட்டவணை பார்க்க அழகாக இருக்கும், உதவாது.

தேதி இன்னும் மோசம். 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், சட்டப்படி அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. அதனால் அவர்கள் 1690 பிப்ரவரி என்று எழுதியது நமக்கு 1691 பிப்ரவரி. பிரெஞ்சுப் புரட்சிக்காலக் காகிதத்தில் 'ஆண்டு 8, ப்ருமேர் 18' என்று இருக்கும். அது 1799 நவம்பர் 9.

இன்னொன்று, மனத்தைப் பற்றியது. இந்தக் கணக்கேடுகளில் துணிக்கு அடுத்த வரியில் மனிதர்கள் இருப்பார்கள், வயதும் விலையும் போட்டு. பஞ்சகாலங்களில் சோழமண்டலக் கரையிலிருந்தே டச்சுக் கப்பல்கள் ஆட்களை வாங்கி ஏற்றிச் சென்றன. நம் தீவும் ரெயூனியனும் சேர்ந்த மஸ்கரீன் தீவுகளில் அடிமைகளை எப்படி நடத்தலாம் என்பதற்கு 1723இல் அரசாணையே வந்தது. இதை வாசித்துவிட்டு மறுநாளும் காப்பகத்துக்குப் போக முடிகிறதா என்பதும் தகுதிதான்.

சரி, வேலை. காப்பகம், அருங்காட்சியகம், மரபுச் சின்ன நிறுவனங்கள் என்று முதலில் தோன்றுபவை: தேசிய ஆவணக் காப்பகம், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்கள், ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட், தப்பியோடிய அடிமைகள் ஒளிந்த லெ மோர்ன் மலை, 1740இல் கட்டிய பழைய ராணுவ மருத்துவமனையில் இயங்கும் அடிமை வரலாற்று அருங்காட்சியகம், மாயேபூர் அருங்காட்சியகம். எல்லாம் உண்மையான இடங்கள்தான், ஆனால் பதவிகள் கொஞ்சம், விளம்பரம் எப்போதாவதுதான் வரும். இதை மட்டும் நம்பி மூன்று ஆண்டு காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கும் காலத்தில் சம்பளம் தருவது பக்கத்துத் துறைகள். இங்கே நில உரிமை பிரெஞ்சுக்கால மானியத்திலிருந்து நோட்டரி பத்திரம் வழியாகத் தொடர்ந்து வருவது. பழைய பத்திரம் வாசித்து வாரிசு வரிசையைக் கோக்கத் தெரிந்தவரை நோட்டரி அலுவலகங்களும் நில வழக்கறிஞர்களும் தேடுவார்கள். வம்சாவளித் தேடலும் வளர்கிறது. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கு வந்தபோது, ஏழாம் தலைமுறை மொரீஷியஸ்காரர்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) உண்டு என்று அறிவித்தார். அதற்கு முன்னோரின் குடியேற்றப் பதிவு வேண்டும். வீராசாமி என்ற ஒரே பெயர் எழுத்தரின் கைக்கு ஏற்ப மூன்று நான்கு எழுத்துக்கூட்டலாகி மூன்று நான்கு குடும்பப் பெயராகிவிட்ட நாட்டில், இது தமிழ் தெரியாமல் ஆகிற வேலையல்ல. பொருளாதாரம் சேர்த்துப் படித்தவருக்குச் சுங்கம், ஃப்ரீபோர்ட் என்னும் வரிச்சலுகைத் துறைமுக மண்டலம், கப்பல் முகவர் அலுவலகம், கடல் காப்பீடு, வணிக ஒப்பந்தப் பிரிவு எல்லாம் திறக்கும். 2021 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் இந்தியா–மொரீஷியஸ் ஒப்பந்தத்தில் ஒரு பொருள் எந்த நாட்டில் 'பிறந்தது' என்று நிரூபிக்கும் விதிகளைப் பாருங்கள். கப்பலில் வந்த சரக்கு யாருடையது, எங்கிருந்து வந்தது என்று கம்பெனி எழுத்தர் கேட்ட அதே கேள்விகள். ஆசிரியர் பணிக்குப் பட்டத்தின் மேல் மொரீஷியஸ் கல்வி நிறுவனத்தின் (எம்.ஐ.இ.) ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான பி.ஜி.சி.இ. வேண்டும், ஆனால் மேல் வகுப்பில் வரலாறு நடத்தும் பள்ளிகள் குறைவு என்பதால் இரண்டாவதாக ஒரு பாடம் நடத்தும் தகுதி இருப்பது நல்லது.

பட்டப்படிப்பைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அவசரமில்லை. முதல் பட்டத்துக்கு வெளிநாடு தேவையில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் முழுநேர இளநிலைப் படிப்புக்கு 2019 முதல் கட்டணம் இல்லை. சேமிப்பை முதுநிலைக்கு வையுங்கள். டச்சு வேண்டுமென்றால் நெதர்லாந்தின் லைடன், பிரெஞ்சுக் குடியேற்ற ஆவணங்களுக்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ், செலவு குறைவாக வேண்டுமானால் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகையில் இந்தியா. பக்கத்து ரெயூனியனையும் மறக்க வேண்டாம்.

பாடத் தேர்வுப் படிவம் கொடுப்பதற்கு முன் மூன்று வாரச் சோதனை ஒன்று வைத்துப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்துப் பக்கம் ஒன்றை இணையத்தில் இறக்கித் தினம் 40 நிமிடம் எழுத்தெழுத்தாகப் படியெடுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் ஐந்து வரிகூடத் தேறாது, அது எல்லோருக்கும் நடப்பது. மூன்றாம் வாரத்தில் நீங்கள் சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால் பிரெஞ்சையும் பொருளாதாரத்தையும் படிவத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாம் வாரமே அந்தத் தாள் மேசைக்கடியில் போய்விட்டால், அக்கவுண்ட்ஸ் எடுக்கட்டும். வரலாற்றுப் புத்தகங்களை லீவில் வாசித்துக்கொள்ளலாம்.