முழங்கால் வலி உள்ள அப்பாவுக்குப் பெலலியுதான் சரி

"பசிபிக் கப்பல் பயணத்தில் சூக் (மைக்ரோனேசியா), பெலலியு (பலாவு) இரண்டில் ஒரு தீவில்தான் இறங்க முடியும். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி, முக்குளிக்கத் தெரியாது, எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் பெலலியுவில் இறங்குங்கள்.

சூக்கின் சிறப்பு நீருக்கடியில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் அங்கே கிடக்கின்றன. முக்குளிக்காதவர் அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க முடியாது.

பெலலியுவில் போரின் மிச்சங்கள் தரைமேலேயே கிடக்கின்றன. 1944 செப்டம்பர் 15 அன்று கரையேறிய அமெரிக்கப் படையின் தளபதி நான்கே நாளில் முடித்துவிடலாம் என்று நம்பினார். சண்டை நவம்பர் இறுதிவரை நீண்டது. சுண்ணாம்புப் பாறைக் குகைகளிலிருந்து போரிட்ட ஜப்பானியர்களில் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். போர் முடிந்ததை நம்பாமல் ஒளிந்திருந்த 34 பேர் 1947-இல்தான் சரணடைந்தார்கள். ஒரு குகை வாயிலில் நின்றபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

குண்டு துளைத்த ஜப்பானியத் தலைமையகம், துருப்பிடித்த டாங்கி, விமான ஓடுதளம் எல்லாம் சமதரையில் இருப்பவை, வண்டியில் போகலாம். பாறை முகட்டுக்குப் படியேற வேண்டும், அப்பா கீழேயே இருக்கட்டும். வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடப்பதால் பாதையைவிட்டு விலகாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள்.

இறங்குவது படகுத்துறையிலா, ரப்பர் படகிலிருந்து முழங்கால் அளவு தண்ணீரிலா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவசர மருத்துவத்துக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவையும் காப்பீடு ஏற்க வேண்டும்.