ஒக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கோடையில் என்ன அவசரம்?

பேர்ன் மாநிலத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது. 2009 ஒக்டோபரில் இங்கேயே பிறந்தவன். சின்ன வயதிலிருந்தே ஐஸ் ஹொக்கி ஆடுகிறான், இப்போது ஒரு நல்ல கழகத்தின் ஜூனியர் எலிட் அணியில் பாதுகாப்பு வீரன். ஆட்டம் பார்க்க வந்த ஒருவர் பிறகு வீடு தேடி வந்து, "இந்தக் கோடைக்குள் கனடாவுக்குப் போகாவிட்டால் என்எச்எல் ட்ராஃப்ட் கைவிட்டுப் போய்விடும். நான் பெயரைப் பட்டியலில் சேர்த்து, அங்கே ஓர் இடமும் எடுத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். முற்பணமாகச் சில ஆயிரம் பிராங்கும், மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்கிறாராம். கொடுக்கலாமா, மகனுக்கு இன்னும் சுவிஸ் குடியுரிமை இல்லாதது தடையாகுமா என்பதுதான் கேள்வி.

கொடுக்க வேண்டாம், சகோதரி. பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அவர் சொன்னதில் அடிப்படையே பிழை. உங்கள் மகனுக்கு இந்தக் கோடையில் கைவிட்டுப் போக எதுவும் இல்லை. 2028ஆம் ஆண்டு ட்ராஃப்ட் வரை எந்த அணியும் அவனைத் தெரிவு செய்யவே முடியாது.

ட்ராஃப்ட் என்றால் வேறொன்றுமில்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்எச்எல்லின் 32 அணிகளும் வருடத்துக்கு ஒரு தடவை, வழக்கமாக ஜூன் கடைசியில், இளம் வீரர்களின் உரிமையை முறை வைத்து எடுத்துக்கொள்கின்றன. ஏழு சுற்று, மொத்தம் 224 பெயர். இதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது. வயது வந்ததும் பிள்ளை தானாகவே தகுதி பெறுகிறான். லீக்கின் சொந்தத் தேடல் பிரிவு ஒன்று இருக்கிறது. அது இலையுதிர் காலத்தில் ஒரு பட்டியலும், ஜனவரியில் ஒன்றும், ஏப்ரலில் இறுதிப் பட்டியலும் வெளியிடும். ஐரோப்பாவில் ஆடுகிறவர்களுக்குத் தனி வரிசை. அந்தப் பெயர்களை எழுதுகிறவர்கள் லீக்கிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். உங்கள் வரவேற்பறையில் தேநீர் குடித்தவருக்கு அதில் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, வெட்டவும் முடியாது.

இப்போது செப்டெம்பர் 15 என்ற திகதி. மற்ற விதிகளை மறந்தாலும் பரவாயில்லை, இதை விளங்கிக்கொள்ளுங்கள். ட்ராஃப்ட் நடக்கும் வருடத்தின் செப்டெம்பர் 15க்குள் பதினெட்டு வயது நிறைய வேண்டும். 2009இல் ஜனவரியிலிருந்து செப்டெம்பர் 15 வரை பிறந்தவர்களுக்கு 2027ஆம் ஆண்டு ட்ராஃப்ட். அதற்குப் பிறகு பிறந்த உங்கள் மகனுக்கு 2028. ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் ஒரு முழு ஹொக்கிப் பருவம் வித்தியாசப்படும்.

இதற்கு நல்ல உதாரணம் இரண்டு சுவிஸ் வீரர்கள். கூர் நகரத்து நினோ நீடரைட்டர் 1992 செப்டெம்பர் 8ஆம் திகதி பிறந்தவர். ஸ்வென் பேர்ட்ஷி அதே வருடம் ஒக்டோபர் 5. இடையில் ஒரு மாதம்கூட இல்லை. நீடரைட்டரை 2010இல் ஐந்தாவது ஆளாக நியூயோர்க் ஐலண்டர்ஸ் எடுத்தது, அப்போது அவருக்குப் பதினேழு வயதுதான். பேர்ட்ஷி அடுத்த வருடம்தான் வர முடிந்தது. கல்கரி அவரைப் பதின்மூன்றாவதாக எடுத்தது. 2010–11 பருவத்தில் இரண்டு பேரும் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரே ஜூனியர் அணியில் ஆடினார்கள், ஒருவர் ட்ராஃப்ட் முடிந்தவராக, மற்றவர் காத்திருப்பவராக.

காத்திருப்பது நட்டம் என்று நினைக்காதீர்கள். டிமோ மையரும் ஒக்டோபர்ப் பிள்ளைதான், 1996. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் அணியில் முதல் வருடம், அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து, 34 புள்ளிகள். அவர் இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுநர்கள், அதாவது அணிகளுக்காக இளம் வீரர்களைப் பார்த்துத் தேர்கிறவர்கள், முடிவெடுத்திருப்பார்கள். பிந்திப் பிறந்ததால் இன்னொரு பருவம் கிடைத்தது, 90 புள்ளிகள் எடுத்தார். 2015இல் சான் ஹோசே ஒன்பதாவதாகக் கூப்பிட்டது.

இதில் ஒரு மறுபக்கமும் உண்டு. இங்கே ஜூனியர் பிரிவுகள் நாட்காட்டி வருடப்படி பிரிக்கப்படுவதால், ஒக்டோபரில் பிறந்த பிள்ளை ஜனவரியில் பிறந்தவனோடு மோத வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒன்பது மாதம் என்பது நெடுக்கிலும் உடம்பிலும் பெரிய வித்தியாசம். பிராந்தியத் தெரிவுகளில் உங்கள் மகன் முன்பு விடுபட்டிருந்தால் அதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கும். அதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசித் திகதியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வயது போய்விட்டது" என்ற பயமுறுத்தல் அடுத்ததாக வரும். 2028இல் எடுபடாவிட்டால் 2029 இருக்கிறது. ஐரோப்பாவிலேயே ஆடிக்கொண்டிருந்தால், 21 வயதாகும் 2030ஆம் ஆண்டும் இருக்கிறது. பதினெட்டிலிருந்து இருபது வயதுக்குள் வட அமெரிக்காவில் ஒரு பருவம் ஆடியவருக்கு அந்தக் கடைசி வருடம் கிடையாது, அவர் நேரடியாக எந்த அணியோடும் பேசலாம். 2000ஆம் ஆண்டு பிறந்த யானிஸ் மோசர் பீல் கழகத்தில் பெரியவர்களோடு ஆடிக்கொண்டே இருந்தார். முதல் மூன்று வாய்ப்பிலும் யாரும் கூப்பிடவில்லை. 2021இல் அரிசோனா அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அவரும் உங்கள் மகனைப் போலப் பாதுகாப்பு வீரர். பாதுகாப்பு வீரர்கள் பிந்தித்தான் முதிர்வார்கள் என்பது தேடுநர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சரி, கனடாவுக்குப் போகத்தான் வேண்டுமா? போய் வென்றவர்கள் உண்டு. 2017இல் முதலாவது ஆளாக எடுக்கப்பட்ட நிக்கோ ஹிஷியர் பேர்னிலிருந்து ஹாலிஃபாக்ஸ் போனவர். கெவின் ஃபியாலாவும் லியான் பிக்சலும் சுவீடன் போனார்கள். ரோமன் யோசி எங்கும் போகவில்லை. பேர்ன் அணியில் இருந்தபடியே 2008இல் 38ஆவதாக எடுக்கப்பட்டார், அதன் பிறகும் இரண்டு வருடம் இங்கேதான் ஆடினார். 2020இல் என்எச்எல்லின் மிகச் சிறந்த பாதுகாப்பு வீரர் விருதை வாங்கினார். 2024இல் 52ஆவதாகப் போன லியோன் முக்லியும் சூக் அணியில் ஆடிய பாதுகாப்பு வீரர்தான். என்னைக் கேட்டால், பதினாறு வயதில் இடம் மாறுவதைவிட, வாரா வாரம் நிறைய நிமிடம் பனியில் நிற்பதுதான் பெரிது. பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எப்படித் திரும்புகிறான், பக் கிடைத்ததும் தலையை நிமிர்த்தி முதல் பாஸை எங்கே அனுப்புகிறான் என்பதைத் தேடுநர் பார்க்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனிடம் அதைப் பார்க்க முடியாது.

அதற்காகக் கனடாவே கூடாது என்று சொல்லவில்லை. போகிற வழி முக்கியம். ஒன்ராறியோ, மேற்கு, கியூபெக் ஆகிய மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளும் ஐரோப்பியப் பிள்ளைகளைத் தங்களுக்கென்று ஒரு தனித் தெரிவு நடத்தி எடுக்கின்றன. ஓர் அணிக்கு மிகச் சில வெளிநாட்டு இடங்கள்தான் உண்டு. அப்படி எடுக்கிற அணி பிள்ளையிடம் காசு வாங்காது. தங்க ஒரு குடும்பத்தின் வீடு, உபகரணம், பயணம் எல்லாம் அணியின் பொறுப்பு. "வருடக் கட்டணம் இவ்வளவு" என்று ஒருவர் சொன்னால் அது இந்த மூன்று லீக்குகளில் ஒன்று இல்லை. காசு கட்டுகிற யாரையும் சேர்த்துக்கொள்ளும் ஏதோ ஒரு தனியார் அகாடமியாகத்தான் இருக்கும். பெயரில் "எலிட்" இருக்கும், "கனடா" இருக்கும், ஜேர்சியும் அழகாக இருக்கும். நல்ல தேடுநர் அங்கே போகமாட்டார். இப்படிப் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். பெற்றோர் கடன் எடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது இங்கே அவனுடைய இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான், தொழிற்பயிற்சி இடமும் போயிருந்தது.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரர்களை நம்முடைய தலைமுறை மறந்திருக்காது. பாதிக் காசு முன்னுக்கு, மீதி போய்ச் சேர்ந்த பிறகு, கேள்வி கேட்டால் "இப்ப விட்டால் பிறகு கிடைக்காது". இந்த ஆட்களும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நேர்மையான முகவர் பதினாறு வயதுப் பிள்ளையின் வீட்டில் காசு கேட்கமாட்டார். பிள்ளை ஒருநாள் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால் அதில் ஒரு சிறு வீதம்தான் அவருடைய வருமானம். என்எச்எல் ஒப்பந்தம் பேச வேண்டுமானால் வீரர் சங்கத்தின் அங்கீகாரமும் வேண்டும். அந்தச் சங்கத்திடம் கேட்டாலே இந்த மனிதர் அங்கீகாரம் உள்ளவரா என்று தெரிந்துவிடும்.

காசுக்கு விற்கப்படும் "தேடுநர் பார்வை" முகாம்களும் இதே வகைதான். உண்மையான தேடுநர் பார்க்கப் போவது ஓகஸ்ட் மாதத்து ஹ்லிங்கா–கிரெட்ஸ்கி கிண்ணம், ஏப்ரலில் வரும் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம், பிறகு இங்கே நடக்கும் லீக் ஆட்டங்கள். இவை எதற்கும் பெற்றோர் காசு கட்டி இடம் வாங்க முடியாது.

மூன்று வருடக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் கீழே உங்கள் ஒப்பம் இல்லாமல் அந்தத் தாள் செல்லாது, அதனால்தான் உங்கள் வீட்டுக்கு வருகிறார். யாராவது ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டுப் பயந்துகொண்டிருந்தால், சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 404ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவருக்காக வேலை பார்க்கும் ஆணை ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் எப்போதும் முறிக்கலாம். மிகப் பொருத்தமில்லாத நேரத்தில் முறித்தால் மட்டும் நட்டம் கேட்க இடமுண்டு. கட்டிய காசைத் திரும்ப வாங்குவதுதான் பெரும் பாடு.

இந்த ஆட்களுக்கு வியாபாரம் நடப்பதற்குக் கழகங்களும் காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 2022–23 பருவத்திலிருந்து சுவிஸின் முதல்நிலை லீக்கான நேஷனல் லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் நான்குக்குப் பதிலாக ஆறு வெளிநாட்டு வீரர்களை இறக்கலாம். பதினெட்டு வயதுப் பையனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிமிடங்கள் அங்கே போகின்றன. இளையோர் பெரியவர்களோடு ஆடிப் பழக இரண்டாம் லீக்கில் இருந்த சூக் கழகத்தின் அகாடமி அணியும் 2022இல் மூடப்பட்டது. பிள்ளையை வளர்க்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பனியில் இடம் கொடுக்க மனம் வருவதில்லை. அந்த ஏமாற்றத்தோடு பெற்றோர் வீட்டில் இருக்கும்போதுதான் கதவு தட்டப்படுகிறது.

குடியுரிமை ட்ராஃப்ட்டுக்குத் தடையே இல்லை. எந்தக் கடவுச்சீட்டும் போதும். இங்கே சிறு வயதிலிருந்து ஆடி வளர்ந்தவனைச் சுவிஸ் லீக்கும் வெளிநாட்டு வீரனாகக் கணக்கிடாது. ஆனால் தேசிய இளையோர் அணியில் ஆடச் சுவிஸ் குடியுரிமை கட்டாயம், மேலே சொன்ன இரண்டு போட்டிகளும் தேசிய அணிகளுக்கானவை. உங்கள் மகனுக்கு உண்மையிலேயே அவசரமானது இதுதான். பத்து வருட வதிவிடம் வேண்டும், எட்டிலிருந்து பதினெட்டு வயது வரையான வருடங்கள் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும், சி அனுமதி என்ற நிரந்தர வதிவிட அனுமதியும் வேண்டும். இங்கேயே பிறந்தவனுக்கு வருடக் கணக்கு எப்போதோ நிறைந்திருக்கும். நகரசபை, மாநிலம், கூட்டாட்சி என்று மூன்று மேசை தாண்டிவர நீண்ட காலம் எடுக்கிறது. இந்த நாட்டில் பிறந்து இந்த நாட்டுப் பனியில் வளர்ந்த பிள்ளையை ஏன் இவ்வளவு காக்க வைக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பதினாறு வயது ஆகிவிட்டதால் அவனும் தன் விருப்பத்தை எழுத்தில் தர வேண்டியிருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் கனடாவில் நடக்கும் ஒரு வாரப் போட்டிக்குக்கூட விசா எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

224 இடங்களில் சுவிஸ் பிள்ளைகளுக்குக் கிடைப்பது வழக்கமாக ஒரு கை விரலுக்குள் அடங்கும். எடுபட்டாலும் அதோடு எல்லாம் முடிந்துவிடாது. 1997இல் பதினான்காவதாக எடுக்கப்பட்ட மிஷெல் ரீசன் என்எச்எல்லில் ஆடியது 12 ஆட்டங்கள்தான். யாரும் தெரிவு செய்யாத பியுஸ் சூட்டர் சூரிச்சில் நன்றாக ஆடிக் காட்டி 2020இல் சிக்காகோவோடு ஒப்பந்தம் போட்டார். அதனால் படிப்பை விட வேண்டாம். விளையாட்டுப் பிள்ளைகளுக்கென்றே வணிகத் தொழிற்பயிற்சி மூன்றுக்குப் பதிலாக நான்கு வருடமாக நீட்டித் தரப்படுகிறது. கழகத்திடமே கேளுங்கள்.

அந்த மனிதருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்த லீக்கில் எந்த அணி உங்கள் மகனைக் கேட்டது, அந்த அணியில் யாரோடு கதைக்கலாம், அவருடைய சம்பளத்தை யார் தருகிறார்கள், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. பிறகு பயிற்றுநரிடம் போய், அடுத்த பருவத்தில் மகனுக்கு எத்தனை நிமிடம், எதிரணிக்கு ஆள் கூடிய நேரத்தில் அவனை இறக்குவாரா என்று நேரடியாகக் கேளுங்கள். நகரசபைக்குத் திங்கட்கிழமையே போகலாம்.