கொரியர்களைப் பார்த்து மிரளாதே தம்பி

டோக்கியோவில் மொழிப் பள்ளியில் சேர்ந்ததும், "வகுப்பில் பாதிப் பேர் கொரியர்கள், அவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, வாடகை, சாப்பாடு எல்லாம் எப்படிச் சமாளிப்பது" என்று கேட்டிருக்கிறாய் தம்பி. அரிசி, பருப்புக்கு இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷி-கசாய் பக்கம் போ, அறைக்குக் கூட்டாளி பார்த்துக்கொள், அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். மொழிதான் முக்கியம். வந்த புதிதில் ராத்திரி வேலை முடிந்து முதல் ரயிலில் காஞ்சி (ஜப்பானியத்தில் எழுதும் சீன எழுத்துகள்) அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தவன் நான், உன் கலக்கம் புரிகிறது.

கொரியர்களுக்கு ஜப்பானிய மொழியின் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய தங்கள் மொழியைப் போலத்தான், சீனத்திலிருந்து வந்த சொற்களும் ஏராளம் பொது, பலர் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாம் அயல்மொழியாகப் படித்தவர்கள். ஆனால் வினை கடைசியில் வருவது நமக்கும் பழக்கம்தானே? ஹாங்குல் என்ற கொரிய எழுத்தில் வளர்ந்த இளசுகளுக்குக் காஞ்சி எழுதினால் நம்மைப் போலவே கை வலிக்கும்.

அவர்களிலும் எல்லாரும் ஒன்றில்லை. சியோலில் வேலைக்காக மதிப்பெண் துரத்திப் படித்த ஒருவன் ஜப்பானிய மொழித் தேர்வின் உச்ச நிலையான என்1 சான்றிதழோடு வந்தான். அந்தத் தேர்வில் பேச்சு கிடையாது. போன் அடித்தால் எடுக்கவே மாட்டான். ஷின்-ஓகுபோவில் கொரிய உணவகத்தில் வேலை, அறையிலும் கொரியர்கள், சான்றிதழ்தான் கைக்கு வந்துவிட்டதே, இனி எதற்குப் படிப்பது என்று ஆர்வம் வற்றிவிட்டது. வொர்க்கிங் ஹாலிடே விசாவில் வந்த ஒரு பெண் கீழ் வகுப்பில்தான் சேர்ந்தாள். இசகாயா என்ற மதுக்கடை உணவகத்தில் வேலை. குடித்த வாடிக்கையாளர் சொல்வதை ஆர்டர் சீட்டின் பின்பக்கம் கிறுக்கிக்கொண்டு வந்து காலையில் ஆசிரியரைப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்குப் புரியாதது அன்றைக்கே தேவைப்பட்டது அவளுக்கு. வருஷக் கடைசியில் அவனைவிட அவள்தான் நன்றாகப் பேசினாள்.

நம்மவர்களும் அந்தச் சான்றிதழ்க்காரன் செய்ததைத்தான் செய்கிறார்கள், எனக்கு ஆத்திரமே வரும். ஆபீசில் இங்கிலீஷ் போதும் என்று வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக எட்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே.

வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்ய அனுமதி வாங்கலாம், அதைத் தாண்டாதே, விசா நீட்டிக்கும்போது மாட்டுவாய். பெந்தோ (டப்பாச் சாப்பாடு) தொழிற்சாலை ராத்திரி ஷிப்டுக்குப் போகாதே, காசு கொஞ்சம் கூட வரும், பேச ஆள் இருக்காது. நான் அங்கிருந்து உதோன் என்ற தடித்த நூடுல்ஸ் விற்கும் ஒரு கடைக்கு மாறினேன். முதலாளியம்மா ஒவ்வொரு தட்டுக்கும் என்னைத் திருத்துவார், மரியாதைப் பேச்சு முழுக்க அந்தக் கல்லாப் பக்கத்தில் நின்று கற்றதுதான். உன் பள்ளிக்குப் பக்கத்தில் அப்படிச் சின்னக் கடை இருந்தால் இந்த வாரமே போய்க் கேள், மதிய நேரத்துக்கு எப்போதும் ஆள் தேடுவார்கள்.