அப்பாவோட பார்கின்சன் மாத்திரை மதியம் மட்டும் ஏன் கேக்கல?

ஒரு மகள் கேட்டிருக்காங்க: "அப்பாவுக்கு 68 வயசு, பார்கின்சன். லெவோடோபா கார்பிடோபா மாத்திரை தினம் மூணு வேளை. காலைல வெறும் வயித்துல போடுறது நல்லா கேக்குது, மதியம் சாப்பிட்டுட்டு போடுறது கேக்கவே மாட்டேங்குது, கால் தரையில ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுறார். மூளைல டோபமைன்ங்கற ரசாயனம் குறைஞ்சதுதான் நோய்னா அதையே ஊசியா போட்டா என்ன?"

ரெண்டு கேள்விக்கும் பதில் மூளையோட ரத்தக்குழாய் சுவர்லதான் இருக்கு. உடம்புல மத்த இடங்கள்ல பெரும்பாலும் நுண்ணிய ரத்தக்குழாயோட சுவர் செல்களுக்கு நடுவுல சின்ன இடுக்கு இருக்கும், மருந்து அதுவழியா கசிஞ்சு வெளிய போயிடும். மூளைல அந்த செல்கள் இடுக்கே இல்லாம தைச்சு வச்ச மாதிரி இருக்கும், தப்பித்தவறி உள்ள நுழையற பல மருந்துகள பிடிச்சு திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடற பம்ப்பும் அந்த செல்கள்ல உண்டு. 1913ல கோல்ட்மன்ங்கற விஞ்ஞானி ஒரு நீலச் சாயத்த மூளையச் சுத்தி இருக்கற திரவத்துல போட்டுப் பாத்தார், மூளை நீலமாச்சு; அதே சாயத்த ரத்தத்துல போட்டா உடம்பு பூரா நீலமாகும், மூளை மட்டும் வெள்ளையாவே இருக்கும்.

டோபமைன் ஊசி இருக்கத்தான் செய்யுது, ஐசியூல பிபி ஏத்த போடுவாங்க. அது இதயம், ரத்தக்குழாயோட நின்னுடும், இந்த சுவரைத் தாண்டாது. லெவோடோபா தாண்டும், ஏன்னா அது ஒரு அமினோ அமிலம், மூளைக்கு வேண்டிய அமினோ அமிலங்கள தூக்கிட்டுப் போக அந்த சுவர்லயே வாகன புரதம் இருக்கு, அதுல இதுவும் ஏறிக்கும். உள்ள போனதும் ஒரு என்சைம் அத டோபமைனா மாத்திடும். அதே என்சைம் குடல்லயும் ரத்தக்குழாய்லயும் இருக்கறதால வழியிலேயே மாறி வீணாகாம தடுக்கத்தான் கூட கார்பிடோபா சேக்கறாங்க, அது மூளைக்குள்ள போகாதுங்கறதுதான் அதோட அருமையே.

இப்ப மதியத்துக்கு வருவோம். சாப்பாட்டுல இருக்கற புரோட்டீன் செரிச்சா அமினோ அமிலமாத்தான் ஆகும், அதுவும் ஏறப்போறது இதே வாகனத்துலதான், குடல்லயும் சரி மூளை வாசல்லயும் சரி. சாப்பாட்டுலேர்ந்து வர்றது அளவுல ரொம்ப அதிகம், மாத்திரைக்கு இடம் கிடைக்காது. போதாக்குறைக்கு வயிறு நிறைஞ்சிருந்தா மாத்திரை குடலுக்குப் போய்ச்சேரவே லேட் ஆகும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி, இல்லன்னா சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சுன்னு மாத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இரும்புச்சத்து மாத்திரை இருந்தா அதையும் ரெண்டு மணி நேரமாவது தள்ளிக் குடுங்க. அதுக்காக புரோட்டீனயே நிறுத்திடாதீங்க ப்ளீஸ், இந்த வயசுல தசை கரைஞ்சா அப்புறம் எழுந்து நிக்கறதே கஷ்டம், வேணும்னா பெரும்பகுதிய ராத்திரி சாப்பாட்டுக்கு மாத்திக்கலாம்.

வெறும் வயித்துல போட்டா சிலருக்கு குமட்டும், ரெண்டு பிஸ்கட் குடுத்தா பெரும்பாலும் சரியாகும். ஆனா வாந்தி மாத்திரைய மட்டும் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, இத எத்தன தடவ சொன்னாலும் எனக்குப் போதாது. மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ரெண்டும் மூளைக்குள்ள நல்லா போய் அங்க டோபமைன் வேலை செய்யற இடத்தையே அடைச்சிடும், நடுக்கமும் இறுக்கமும் கூடும். டோம்பெரிடோன் பெரும்பாலும் சுவருக்கு வெளியவே நின்னுடும், அதனாலதான் பார்கின்சன் டாக்டர்கள் அத எழுதறாங்க, ஆனா இதயத்துடிப்பு பிரச்சனை இருக்கறவங்களுக்கு ஆகாது, சில சமயம் ஈசிஜி பாத்துட்டுத்தான் குடுப்பாங்க.

ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: மாத்திரை போட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எத்தன மணிக்கு கால் ஒட்டுச்சு. நேரத்த மாத்தியும் அடுத்த வேளைக்கு முன்னாடியே மருந்தோட வேலை குறைஞ்சிடுதுன்னா அந்த நோட்டோட போங்க, டோஸ் கணக்க டாக்டர் அத வச்சுத்தான் மாத்துவார். கேக்கலயேன்னு மாத்திரைய திடீர்னு நிறுத்திட மட்டும் வேணாம், கடுமையான காய்ச்சலும் உடம்பு இறுகலும் வந்து ஆஸ்பத்திரில சேக்கற நிலைக்குப் போயிடலாம்.