குமுளி ஏற்றத்தில் நகரும் இயந்திரம்: கொக்கியை எங்கே மாட்டுவது?

வணக்கம் அண்ணே. கம்பத்திலிருந்து குமுளிக்கு 300 கிலோ அரவை இயந்திரத்தைப் பிக்கப்பில் ஏற்றிப் போகையில், வளைவில் அது நகர்ந்து பக்கப் பலகைக் கொக்கி வளைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கவிழாமல் போனதே பெரிய விஷயம்.

அந்தக் கொக்கி தார்ப்பாய்க் கயிறு கட்டத்தான். பலகைத் தகடு இந்த எடையைத் தாங்காது. தளத்துக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, பெல்ட்டின் கொக்கியை மாட்ட நான்கு வளையங்களை போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள், அடியில் கெட்டித் தகடு வைத்து. சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பியக் கணக்குப்படி, பிரேக் அடித்தால் எடையில் 0.8 பங்கு முன்னால் தள்ளும், வளைவில் 0.5 பங்கு பக்கவாட்டில். உங்களுக்கு அது 240 கிலோ, 150 கிலோ. சின்ன எடை இல்லை.

அப்புறம் பெல்ட்டின் சாய்வு. இயந்திரத்தின் மேலாகப் போடும் பெல்ட் தளத்தோடு 30 டிகிரியில் படுத்திருந்தால், இறுக்கத்தில் பாதிதான் கீழே அழுத்தும். முடிந்தவரை நிமிர்த்திக் கட்டுங்கள். அடியில் ரப்பர் பாய் கட்டாயம். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், நனைந்தால் நீளும். ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பட்டை) வாங்கும்போது அறுபடும் எடையைப் பார்க்காமல், வேலை எடையை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடையைப் பாருங்கள்.

லோயர் கேம்பில் வண்டியை நிறுத்தி, எல்லா பெல்ட்டையும் மறுபடி இறுக்கிவிட்டு மலை ஏறுங்கள்.