பக்கத்துப் போர்ஷன்காரரைக் கடித்த கொசு என் மகனையும் கடித்தால்?

கேள்வி: வியாசர்பாடியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறோம். பக்கத்துப் போர்ஷன்காரருக்கு எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரிந்தது. பொழுது சாய்ந்தால் கொசுத்தொல்லை தாங்கவில்லை. அவரைக் கடித்த கொசு என் 6 வயது மகனைக் கடித்தால் தொற்றுமா? வீட்டை மாற்றச் சொல்கிறார் மாமியார்.

பதில்: தொற்றாது. இதற்காக வீடு மாற்றவே வேண்டாம்.

"டெங்குவைப் பரப்புகிற கொசு இதை மட்டும் பரப்பாதா?" என்று மாமியார் கேட்பார். நியாயமான கேள்விதான். கொசு ஒன்றும் சிரிஞ்ச் இல்லை. அதன் வாயில் இரண்டு தனித்தனிப் பாதைகள்: ஒன்றின் வழியே அதன் எச்சில் நம் தோலுக்குள் இறங்கும், மற்றதில் நம் ரத்தம் மேலேறும். ஏற்கெனவே குடித்த ரத்தத்தை அடுத்தவர் உடம்பில் அது துப்புவதில்லை. ஆக, ஒரு கிருமி கொசுவால் பரவ வேண்டுமானால், அதன் குடலில் தொற்றிப் பெருகி, அங்கிருந்து எச்சில் சுரப்பிவரை போய்ச் சேர வேண்டும். டெங்கு வைரஸ் சுமார் 8 முதல் 12 நாளில் இதைச் சாதித்துவிடுகிறது. எச்.ஐ.வி. பெருக மனித வெள்ளையணுக்கள் வேண்டும், கொசுவிடம் ஏது? ரத்தத்தோடு ரத்தமாக அதுவும் செரித்துப்போகும்.

கடிக்கும்போதே விரட்டினால் அடுத்தவரிடம் பறக்குமே, வாயில் ரத்தம் ஒட்டியிருக்காதா? ஒட்டியிருப்பது தொற்று உண்டாக்கப் போதாது. பக்கத்துப் போர்ஷன்காரர் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் இன்னும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

1980களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெல் கிளேட் என்ற ஊரில் எய்ட்ஸ் அதிகமாக இருக்க, கொசுதான் காரணம் என்று பேச்சுக் கிளம்பியது. சோதித்துப் பார்த்தால், கொசுக்கடி படுகிற 2 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடமும் 60 வயது தாண்டியவர்களிடமும் தொற்றே இல்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான். அது கொசுவால் பரவுவதாக இருந்தால் கூவக்கரையில் இத்தனை ஆண்டுகளில் ஒரு குடும்பம் தப்பியிருக்குமா?

எச்.ஐ.வி. போலவே ரத்தத்தால் பரவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் கொசுவால் பரவுவதாகத் தெரியவில்லை. ஆனால் பி கொஞ்சம் கெட்டிக்காரக் கிருமி. உடம்புக்கு வெளியே 7 நாள்வரை உயிரோடு கிடக்கும். சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள், ரேசரை யாரோடும் பகிராதீர்கள். மகனின் தடுப்பூசி அட்டையில் ஹெபடைடிஸ் பி ஊசி விட்டுப்போயிருந்தால் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கொசுவலையைக் கைவிட்டுவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிப்பது. மதியம் தூங்கும் பையனுக்கும் வலை வேண்டும்; தண்ணீர் டிரம்மை மூடிவையுங்கள்.